இரண்டு ஆணைகள்

ஸ்டேன்டன் கோவ், அலாஸ்கா
நவம்பர் 4, 1996

லொரெய்ன் வாஸெக் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. நான் ரொவீனா ஹேகன். ஆளுநர் ஆர்வில் ஹேகனின் மகள். ஒரே மகள்.

ஆறு வாரத்தில் ஐந்து முறை கூப்பிட்டேன். "கவர்னர் மீட்டிங்ல இருக்கார் மேடம்." "கவர்னர் டூர்ல இருக்கார் மேடம்." ஐந்தாவது முறை, "லொரெய்ன் மேடத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் லைன் கொடுக்கணும்" என்றாள். என் அப்பாவிடம் பேச உங்கள் அனுமதி.

அம்மாவின் அடக்கத்தன்று எனக்கும் அவருக்கும் நடந்த சண்டையை நீங்கள் பார்த்தீர்கள். தூக்குமேடைக்கு ஆள் அனுப்பி ஓட்டு வாங்குகிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மூன்று வருடமாகப் பேச்சில்லை. இந்தச் செப்டம்பரில் நானே இறங்கி வந்து கடிதம் எழுதினேன். பதில் வந்தது. தட்டச்சு செய்த பதில். "அன்புள்ள ரொவீனா, உங்களைப் போன்ற இளைய தலைமுறையின் கருத்துகள் நம் மாநிலத்துக்கு ஊக்கமளிக்கின்றன." எனக்கு முப்பத்து நாலு வயது. நான் இருப்பது வேறு மாநிலம். என் அப்பா என்னை ரோ என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார்? அவருக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் அதை அவர் வாயால் சொல்லட்டும். நடுவில் நீங்கள் எதற்கு?

ரொவீனா ஹேகன்


ஆளுநர் அலுவலகம்
நவம்பர் 12, 1996

மதிப்புக்குரிய செல்வி ஹேகன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆளுநர் நலமாக இருக்கிறார். பனிக்காலத் தயாரிப்பு, வரவுசெலவுத் திட்டம், சட்டமன்றக் கூட்டம் என்று அவருடைய நாள் நிமிடம் நிமிடமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவரைச் சந்திப்பவர் யார், அவர் மேசைக்குப் போகும் தாள் எது, அவர் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார் என்பதை முடிவுசெய்வது தலைமை அலுவலர் என்ற முறையில் என் பொறுப்பு. இதில் யாருக்கும் தனிச் சலுகை இல்லை. குடும்பத்தினருக்கும் இல்லை. அது அவரே போட்ட விதி.

தட்டச்சுக் கடிதம் அனுப்பப்பட்டது அலுவலகத் தவறு. வருந்துகிறோம்.

இப்படிக்கு,
லொரெய்ன் வாஸெக்
ஆளுநரின் தலைமை அலுவலர்

(இதைக் கையால் எழுதுகிறேன். உங்கள் தாத்தா, அதாவது ஆளுநரின் தந்தை, எத்தனை வயதில் இறந்தார்? கடைசி வருடங்களில் எப்படி இருந்தார்? அவசரம்.)


ஸ்டேன்டன் கோவ்
நவம்பர் 20, 1996

லொரெய்ன்,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தபோது கோபம் வந்தது. கடைசி இரண்டு வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் துறைமுகத்துக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். மீன் கிழித்த கையைத் தைப்பதிலிருந்து பிரசவம் வரை எல்லாம் நான்தான். நீங்கள் எதற்காக அதைக் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். தாத்தா அறுபத்து நாலு வயதில் இறந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்னால் தன் பூட்ஸைக் காய வைக்கிறேன் என்று ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்தார். கடைசி வருடம் பாட்டியைப் பார்த்து, "யாரும்மா நீங்க, எங்க வீட்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டார். இது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். அப்பாவுக்கு இப்போது அறுபத்திரண்டு.

சொன்னதையே சொல்கிறாரா? பழகிய இடத்தில் வழி தவறுகிறாரா? அம்மா இருக்கிறாள் என்று நினைத்துப் பேசுகிறாரா? நாளின் எந்த நேரத்தில் மோசமாகிறது?

உண்மையை எழுதுங்கள். அலுவலகத் தாளில் வேண்டாம்.

ரொவீனா


நவம்பர் 26, 1996

ரொவீனா,

இதை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொலைபேசியில் பேச முடியாது. என் வீட்டு இணைப்பு உட்பட ஆளுநர் மாளிகையின் எல்லா அழைப்பும் ஆபரேட்டர் வழியாகத்தான் போகிறது. நீ பதினாறு வயதுப் பெண்ணாக, தேர்தல் துண்டறிக்கை மடித்துக் கொடுத்த நாளிலிருந்து உன்னை நீ என்றுதான் கூப்பிட்டேன். இனி மாற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நீ கேட்ட மூன்று கேள்விக்கும் ஆமாம். பகல் பதினோரு மணிவரை பெரும்பாலும் நன்றாக இருக்கிறார். அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

ஜூனில் ஒரு பாலத் திறப்பு விழாவில் உரையின் இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஜனங்கள் இரண்டு முறையும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். ஆகஸ்டில், அவர் பத்து வருடமாக நடக்கிற தாழ்வாரத்தில், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"லொரெய்ன், நான் இப்ப எங்க போகணும்?"

"பட்ஜெட் கூட்டத்துக்கு சார்."

"அது தெரியும். எந்தப் பக்கம்னு கேட்டேன்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வலது பக்கம் என்று சொன்னேன். அவர் நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் அவருக்கு அரை அடி பின்னால் நிற்கிறேன். கைகுலுக்க வருகிறவர் பெயரைக் காதோடு சொல்கிறேன். அவர் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கும். இன்று என்ன கிழமை, யார் வருகிறார்கள், என்ன சொல்ல வேண்டும், எல்லாம் அதில். நிருபர் கூட்டங்களை நிறுத்திவிட்டேன். மதியத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை. உன் அழைப்பும் அப்படித்தான் நின்றது. நீ குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். கார் ஓட்டுநருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கே எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்து, "என்னை விட்டுட்டு எங்கயும் போயிடாத" என்று மட்டும் சொன்னார்.

பதினெட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியும். பள்ளிகளை மூடுவதா, படையை அனுப்புவதா, யாரை நீதிபதியாக்குவது, எல்லாவற்றையும் அவர் எப்படிச் செய்வாரோ அப்படியே எழுதி வைக்கிறேன். அவர் கையெழுத்துப் போடுகிறார். செப்டம்பரிலிருந்து இந்த மாநிலத்தை நடத்துவது நான், ரொவீனா. எனக்கு ஒருவரும் ஓட்டுப் போடவில்லை.



லொரெய்ன்


ஸ்டேன்டன் கோவ்
டிசம்பர் 1, 1996

லொரெய்ன்,

அன்பினால் செய்தேன் என்று எழுதவில்லை. அதற்காவது நன்றி.

உங்களுக்கு என்ன பைத்தியமா? அவரை ஒரு டாக்டரிடம் காட்டவில்லை. என்னிடம் சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு மனிதரைச் சட்டை மாட்டி, அட்டை செருகி, மேடையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் பயத்தோடு நின்றிருப்பார். யாரிடமும் சொல்ல முடியாத பயம்.

இன்னொன்று. இங்கே மூன்று நாள் பழைய பத்திரிகைதான் வரும். அதில் நம் மாநிலத்துச் செய்தி ஒன்று: லைல் ஸ்டாம்பர் என்பவனுக்கு டிசம்பர் 18 அன்று மரண தண்டனை, கருணை மனு ஆளுநரின் மேசையில் இருக்கிறது. அந்தத் தாளை அவர் தொடக்கூடாது. கேட்கிறதா? ஒரு வாரத்துக்குள் துணை ஆளுநர் ரீக்கிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் பத்திரிகைக்குச் சொல்வேன்.

ரொவீனா


டிசம்பர் 6, 1996

ரொவீனா,

தொட்டுவிட்டார்.

கருணை மனு வந்தால் எங்கள் வழக்கம் இது: இரண்டு ஆணைகளைத் தட்டச்சு செய்து ஒரே உறையில் வைப்போம். ஒன்று மறுப்பு. இன்னொன்று, ஆயுள் தண்டனையாகக் குறைப்பது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். ஆளுநர் தனியாக இருந்து ஒன்றில் கையெழுத்திட்டு, மற்றதைக் கிழித்துப்போடுவார். அந்த உறையை அவர் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே புதன்கிழமை காலை உள்ளே போனேன். அதற்குள் மறுப்பு ஆணையை நீட்டினார். மணி ஒன்பது நாற்பது.

"மூணு தடவை படிச்சேன். ரெண்டு பேரைக் கொன்னிருக்கான். சட்டம்னா சட்டம்தான், லொரெய்ன்."

நான் அதை எடுத்துவந்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். உடனே அனுப்பியிருக்க வேண்டும். மூன்று பத்துக்கு அவரே என் அறைக்கு வந்தார். கையில் இன்னொரு தாள். அவர் காலையில் கிழிக்காமல் விட்டது. அதிலும் கையெழுத்து.

"இதைக் கொடுக்க மறந்துட்டேன் பாரு. அவங்க அம்மா எழுதினதைப் படிச்சேன். விட்டுடலாம். சாகுறவரைக்கும் உள்ளயே கிடக்கட்டும்."

காலையில் போட்டது அவருக்கு நினைவே இல்லை. பயங்கரம் என்னவென்றால் இரண்டு முறையும் அவர் முகம் தெளிவாக இருந்தது. இரண்டும் அவர் பேசுகிற பேச்சுதான். இரண்டையும் அவருடைய வாயிலிருந்து இதற்கு முன் கேட்டிருக்கிறேன். எது ஆர்வில் ஹேகனின் முடிவு என்று என்னைக் கேட்டால், பதினெட்டு வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை.

இரண்டு தாளும் இப்போது என் இழுப்பறையில். சாவி என் கழுத்தில். எதை அனுப்பினாலும் செல்லும். நான் ஒன்றை எரித்தால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ரீக்கிடம் சொல் என்கிறாய். நேற்று விவசாயிகள் கூட்டத்தில் அவர் பேசியது உனக்கு எட்டியிருக்காது. "என் கையில பேனா இருந்தா அந்த ஸ்டாம்பர் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உண்மையைச் சொன்னால் ஒருவன் சாவான். பொய் சொன்னால் பிழைப்பான். ஆனால் அப்போது ஒருவன் சாவதா பிழைப்பதா என்று முடிவு செய்தவள் நானாகிவிடுவேன். அடுத்து மனுப் போடுகிறவனுக்கும் நான்தான்.

நீ பத்திரிகைக்குச் சொல், சொல்லாமல் இரு. ஆனால் முதலில் வா. பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

லொரெய்ன்


ஸ்டேன்டன் கோவ்
டிசம்பர் 11, 1996

லொரெய்ன்,

மூன்று நாளாகக் கடல் விமானம் எழும்பவில்லை. நாளை எழும்பும் என்கிறார்கள். இந்தக் கடிதமும் அதே விமானத்தில்தான் வருகிறது. எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், இதைச் செய்யுங்கள். ஒரு நல்ல நரம்பு டாக்டரைப் பிடியுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஏற்பாடு செய்யுங்கள். எதையும் எரிக்க வேண்டாம்.

நான் வருவதை அவரிடம் சொல்லாதீர்கள். சொன்னால் காத்திருப்பார். அல்லது மறந்துவிடுவார். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

ரோ


ஹேகன் பண்ணை
டிசம்பர் 22, 1996

லொரெய்ன்,

அப்பாவைப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாளாகிறது. நிருபர்களின் கார்கள் வாசல் கேட்டில் நிற்கின்றன. ராஜினாமாவைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தவை பாதி சரி. அந்தக் காலையில் நீங்கள் சிறைக்குத் தொலைபேசி செய்ய வெளியே போன பிறகு நடந்ததை உங்களிடம் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோது நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் இரண்டு ஆணைகளையும் உணவு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் என் கையெழுத்துதான். எதை முதல்ல போட்டேன்?" நீங்கள் நேரத்தைச் சொன்னீர்கள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அப்பா சொன்னார்: "பின்னாடி போட்டதுதான் செல்லும்னு வெச்சுக்கலாம். ஆனா மூணாவது தடவை கேட்டா நான் என்ன சொல்வேன்னு எனக்கே தெரியலையே." பிறகு ஸ்டாம்பரின் தண்டனையை முப்பது நாள் நிறுத்திவைக்கும் ஆணையை டாக்டர் முன்னால் எழுதச் சொன்னார். அது முடிந்ததும் ராஜினாமா. இரண்டு இடத்திலும் கையெழுத்து நேராக விழுந்தது.

நீங்கள் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். "ரோ, அந்தக் கார்ல உட்கார்ந்திருந்தவன், மேப்ரி. அவனை விட்டுடச் சொன்னேனே. விட்டுட்டாங்களா?"

எனக்கு மேப்ரி யாரென்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் ரொம்பக் கவலையாக இருந்தது. "விட்டுட்டாங்கப்பா" என்றேன். "நல்லது. அவன் சுடலை. கார்லதான் இருந்தான். அவங்க அக்கா பக்கம் பக்கமா எழுதியிருந்தா" என்று நிம்மதியாகக் காபியை எடுத்துக் குடித்தார்.

யார் அவன்? நான் சொன்னது சரிதானே?

ரோ


ஜனவரி 16, 1997

ரோ,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாம்பர் பிழைத்துவிட்டான். புதிய ஆளுநர் ரீக் என்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை; அலுவலகத்தை ஒப்படைக்கும்வரை இரு என்றார். திங்கட்கிழமை அந்த உறையை அவர் முன்னால் வைத்தேன். புதிதாகத் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள்.

"இதை வெச்சுட்டு எல்லாரும் வெளிய போயிடுவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அதுதான் வழக்கம்."

"நீயாவது இரேன்."

"நான் இருக்கக்கூடாது சார்."

கூட்டத்தில் அப்படி முழங்கிய மனிதர். மூன்று மணி நேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஆயுள் தண்டனை. "ஹேகன் ரெண்டு விதமா கையெழுத்துப் போட்டுட்டார், இதுக்கு மேல தூக்குல போட்டா எந்தக் கோர்ட்டும் என்னை விடாது" என்று காரணம் சொன்னார். காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

இனி மேப்ரி.

கர்டிஸ் மேப்ரி. இருபத்தாறு வயது. அக்டோபர் 10 அன்று, வியாழக்கிழமை இரவு, நம் மாநிலம் அவனைக் கொன்றது. அவன் சகா கடைக்குள் போய்ச் சுட்டான். இவன் வெளியே காரில் இருந்தான். செவ்வாய்க்கிழமை காலை உன் அப்பா என்னிடம், "இவனுக்கு ஆயுள்தான். பேப்பரை ரெடி பண்ணு" என்றார். வழக்கப்படி இரண்டையும் வைத்தேன். வியாழன் மதியம் உறையைத் திறந்தால் கையெழுத்து மறுப்பு ஆணையில் இருந்தது. மற்றது நாலாகக் கிழிந்து குப்பைக் கூடையில்.

மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என்னை வேலைக்கு எடுத்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்கிட்ட ஒரு விஷயத்தை ரெண்டாவது தடவை கேட்கிற ஆள் எனக்கு வேண்டாம்." பதினெட்டு வருடம் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், "சார், செவ்வாய்க்கிழமை வேற மாதிரி சொன்னீங்களே" என்று ஒரு வரி. பதினைந்து அடி தூரம். நான் போகவில்லை. அன்று காலைதான் காரில் அவர், "மரியன் இன்னும் கிளம்பலையா?" என்று உன் அம்மாவைக் கேட்டிருந்தார். எனக்குத் தெரியும், ரோ. தெரிந்துதான் அந்தத் தாளை அனுப்பினேன். கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுமே என்ற பயம்.

பிப்ரவரி 4 அன்று சட்டமன்றக் குழு என்னை விசாரிக்கிறது. ஸ்டாம்பரைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். மேப்ரியைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை.

லொரெய்ன்


ஹேகன் பண்ணை
ஜனவரி 21, 1997

லொரெய்ன்,

சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், நீங்கள் சொல்லத் தீர்மானித்துவிட்டீர்கள். உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மூன்று வருடம் முன்னால் இருந்த நானாக இருந்தால் கூரை மேல் ஏறிக் கத்தியிருப்பேன். இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். ஸ்பூனைத் தேடித் தருகிறேன். இன்றைக்கு இந்த மாநிலம் அவரைப் பார்த்து, "நோயென்று தெரிந்ததும் தானே இறங்கிய மனிதர்" என்கிறது. பிப்ரவரி நாலாம் தேதிக்குப் பிறகு, "எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் ஒருவனைக் கொன்றவர்" என்பார்கள். கல்லறையிலும் அதுதான் நிற்கும்.

உங்களை ஜெயிலில் போடலாம். வக்கீலைக் கேட்டீர்களா? மேப்ரி திரும்பி வரப்போவதில்லை. யாருக்கு என்ன லாபம்?

மதியத்துக்கு மேல் அவர் ஜன்னலருகே நின்று அழுகிறார். ஏனென்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். எனக்கு இப்போது ஏனென்று தெரிகிறது என்று நினைக்கிறேன். அதுவே எனக்குப் போதும். தயவுசெய்து.

ரோ


பிப்ரவரி 1, 1997

ரோ,

வக்கீலைக் கேட்டேன். "கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவங்களை நான் காப்பாத்த முடியாது" என்றார். ஜெயிலைப் பற்றிய பயம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நேற்று மளிகைக்கடையில் ஒரு போலீஸ்காரர் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முட்டை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாய். அலுவலகத்தைக் காலி செய்யும்போது பொதுமக்கள் கடிதங்கள் அடுக்கிய பெட்டியைப் பார்த்தேன். வேடா மேப்ரியிடமிருந்து நான்கு. அக்டோபரிலிருந்து மாதம் ஒன்று. அவனுடைய அக்கா, கோழிப் பண்ணையில் வேலை செய்கிறாள். நான்கிலும் ஒரே கேள்வி: "என் தம்பியைப் பத்தி நான் எழுதினதை ஐயா படிச்சாரா?" நான்கிற்கும் நம் அலுவலகம் பதில் போட்டிருக்கிறது. "உங்களைப் போன்ற குடிமக்களின் கருத்துகள் நம் மாநிலத்துக்கு ஊக்கமளிக்கின்றன." கீழே இயந்திரம் போட்ட கையெழுத்து. அந்த வாசகத்தை எழுதி ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

அவர் படித்தார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். படித்து, விட்டுவிடச் சொன்னார் என்றும். பிறகு என்ன நடந்தது என்றும். இதில் முதல் பாதியை மட்டும் சொல்ல ஒரு வழி இருந்தால் சொல். நான் பத்து நாளாகத் தேடுகிறேன்.

உன் அப்பாவின் பெயரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை வானொலியை மட்டும் அணைத்துவிடு.

லொரெய்ன்


ஹேகன் பண்ணை
பிப்ரவரி 4, 1997, மாலை

லொரெய்ன்,

அணைக்கவில்லை. அணைக்கத்தான் போனேன். அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்து, "இருக்கட்டும் ரோ" என்றார்.

குழுத் தலைவர் ஸ்டாம்பரைப் பற்றிய கேள்விகளை முடித்து, போகலாம் என்று நன்றி சொன்னார். அப்போது நீங்கள், "எனக்கு இன்னொன்று சொல்ல இருக்கிறது" என்றீர்கள். பதினொரு நிமிடம். பின்னால் ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது. அது வேடா மேப்ரிதானா? நீங்கள் அவளை வரச்சொல்லியிருந்தீர்களா?

அப்பா எல்லாவற்றையும் கூர்ந்து கேட்டார்.

"யாரு ரோ இந்தப் பொண்ணு?"

"உங்ககிட்ட வேலை பார்த்தவங்கப்பா. லொரெய்ன்."

"பயந்துக்கிட்டேதான் பேசுறா. ஆனா நிறுத்தாம பேசுறா. இந்த மாதிரி ஆளுங்க கிடைக்கமாட்டாங்க. நம்ம ஆபீஸுக்குக் கூப்பிட்டுப் பாரேன்."

சரிப்பா என்றேன். உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் என்னவானது என்று எனக்குத் தெரியவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்களைக் கைது செய்யவில்லை என்று ஐந்து மணிச் செய்தியில் சொன்னார்கள். வழக்குப் போடுவதா என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் யோசிக்கிறது என்றார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க வேறு ஆளில்லை.

வானொலி முடிந்ததும் அப்பா வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப அந்த மேப்ரி செத்துட்டானா?" என்றார்.

டிசம்பரில் சொன்ன பொய் வாய்வரை வந்தது. "ஆமாப்பா" என்றேன்.

"கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்கதாம்பா."

அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போனதைப் பார்த்தேன். இத்தனை வருடம் நர்ஸாக இருந்து அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரம். பிறகு மெல்ல அடங்கினார். கண்ணைத் துடைத்தார். மேசையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார்.

"ரோ, அந்தக் கார்ல உட்கார்ந்திருந்தவன் என்ன ஆனான்?"

மறுபடி சொன்னேன். மறுபடி முதல் தடவை கேட்பதுபோலவே அவர் முகம் வெளுத்தது. பொழுது சாய்வதற்குள் நான்கு முறை கேட்டுவிட்டார். நான்கு முறையும் சொன்னேன். நான்கு முறையும் அவர் அப்போதுதான் அவனைக் கொன்றார்.

நீங்கள் ஒரு முறை கேட்காமல் விட்டதற்கு இப்படி. நான் எத்தனை முறை சொல்ல வேண்டும், லொரெய்ன்? பதில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். பக்கத்து அறையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். என்னைக் கூப்பிடுகிறார்.

ரோ